விளிம்பில் நிற்கும் முகங்கள்

தெரிந்தெடுத்தல் மிக எளிய செயல் போலத் தோன்றும். ஆயினும் அறநெறியின் பெருஞ்சுமை அதன்மீதுதான் ஏற்றப்பட்டுள்ளது. பேசுகிறவர் சொற்களைத் தெரிந்தெடுக்கிறார். வரலாறு எழுதுகிறவர் நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுக்கிறார். மறையுரை ஆற்றும் குரு, நற்செய்திப் பகுதியிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அன்றைக்கு விட்டுவிடுகிறார். இவர்களை எல்லாம், எடுத்துக்கொண்டதை வைத்தே நாம் மதிப்பிடுகிறோம். விட்டதைப் பற்றிக் கேட்பவர் சிலரே. அக்கேள்வியை எழுப்பவேண்டிய தேவை இன்று நம் பங்குகளில் எழுந்துள்ளது. அதற்குக் காரணம் பெரிய தத்துவ நூல் எதுவுமன்று. நிழற்படங்களை அடுக்கி இரண்டு நிமிடக் காணொளியாக்கும் கணினி மென்பொருள்தான்.

ஆலயத்தின் பொன்விழா, குருத்துவ வெள்ளிவிழா, சிறுவரின் புதுநன்மை, திருமணம், முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி என எந்நிகழ்ச்சியாயினும் பழைய படங்களைத் தொகுத்துத் திரையில் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முன்பு இதற்கென நகரத்து ஸ்டூடியோவை நாடவேண்டும், பணமும் வேண்டும். இன்று கேடென்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கணினியிலேயே இக்கலையைக் கற்றுக்கொள்ள முடிகிறது.

இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்கத் திருச்சபை நமக்குக் கற்பிக்கவில்லை. திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியன பற்றித் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் தனிச் சுற்றுமடலே எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. அவ்வேட்டில் ஓர் அளவுகோல் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம். முதலில், இக்கலையைக் கற்பவர் எதைக் கற்கிறார் என்று காண்போம்.

கற்பவர் முன் நிற்கும் கணக்கு

எந்த மென்பொருளையும் பாடம் படித்துக் கற்பதைவிட, சிறிய வேலை ஒன்றைச் செய்து முடித்துக் கற்பதே சிறந்தது. நிழற்படங்களைக்கொண்டு ட்ரெய்லர் எனப்படும் முன்னோட்டம் செய்வது தொடக்க மாணவருக்கு மிகப் பொருத்தமான பயிற்சி. ட்ரெய்லர் என்னும் சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். திரைப்படத்தின் தொடக்க நாட்களில் அது படம் முடிந்தபின் காட்டப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நம் மொழியோ அதற்கு முன்னோட்டம் என்று பெயரிட்டு, அதனை முன்னால் ஓடவிட்டிருக்கிறது.

வேலையின் முறை இதுதான். பழைய படங்களை வருடிப்பொறியில் வைத்துக் கணினிக்குள் ஏற்றவேண்டும். மென்பொருளின் ஒரு மூலையில் அவையெல்லாம் ஒரு கூடையில் கிடப்பவைபோல் வரிசையாகத் தோன்றும். திரையின் அடிப்பகுதியில் இடமிருந்து வலமாக நீளும் காலக்கோடு இருக்கும். கூடையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அக்கோட்டின்மேல் வைத்தால், அது இத்தனை வினாடிகள் திரையில் நிற்கும் என்று பொருள். அதற்குக் கீழே இன்னொரு தடத்தில் இசையை வைக்கலாம். ஒரு படம் மங்கும்போதே அடுத்தது தெளிந்து வருமாறு இரண்டையும் இணைக்கலாம். இவ்வளவும் ஒரு மாலைப் பொழுதில் கைவந்துவிடும்.

கைவராதது வேறொன்று. முன்னோட்டம் இரண்டு நிமிடம், அதாவது 120 வினாடிகள். தலைப்புக்கும் நன்றிக்கும் 16 வினாடி போனால் 104 எஞ்சும். ஒரு முகத்தைக் கண்டு, இவர் இன்னார் என்று மனம் உணர நான்கு வினாடியாவது வேண்டும். ஆகவே 26 படங்களுக்குத்தான் இடமுண்டு. ஆனால் பங்கு இல்லத்து அலமாரியிலும் வீடுகளிலும் தேடிச் சேர்த்த படங்களோ 300. எனவே 274 படங்கள் வெளியே நிற்கவேண்டும். மென்பொருளைக் கற்பவர் முதலில் கற்பது எந்த விசையை அழுத்துவது என்பதன்று. எதை வேண்டாம் என்று சொல்வது என்பதே.

இவ்வாறு விடுவது பாவமாகுமா? ஆகாது. மனிதர் எல்லைக்கு உட்பட்டவர். காலம் எல்லைக்கு உட்பட்டது. அனைத்தையும் ஒருங்கே காண்பவர் இறைவன் ஒருவரே. எதையும் விடாமல் சொல்ல முயல்பவர் எதையும் சொல்லி முடிக்கமாட்டார். எனவே, விட்டது உண்டா என்று கேட்பதில் பயனில்லை. எவ்வாறு விட்டோம், யாரை விட்டோம், யாருடைய நலனுக்காக விட்டோம் என்று கேட்பதே முறை.

வரிசையும் அசைவும்

படங்களை விடுவதில் மட்டுமன்று, எடுத்தவற்றை வரிசைப்படுத்துவதிலும் அறம் ஒளிந்திருக்கிறது. 1920-ஆம் ஆண்டையொட்டி உருசிய நாட்டில் லெவ் குலெஷோவ் என்னும் திரைக்கலை ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். அதனை அவர் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்த குறிப்பின் வழியாகவே உலகம் அறிகிறது. உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, அதன் அருகே முதலில் ஒரு கிண்ணம் சூப்பையும், பின்னர் சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணையும், பின்னர் பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமியையும் தனித்தனியே இணைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் முதலில் ஏக்கத்தையும், அடுத்து ஆழ்ந்த துயரத்தையும், அதன்பின் மகிழ்ச்சியையும் கண்டு நடிகரைப் பாராட்டினார்களாம். முகமோ மூன்றிலும் ஒன்றே!

ஒரு படமும் மற்றொரு படமும் அடுத்தடுத்து நிற்கும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் பிறக்கிறது. பழைய கூரைக்கோயில், அடுத்து ஒரு கொடையாளரின் புன்னகை, அதற்கடுத்து புதிய கோபுரம் என வைத்தால், அவர் ஒருவரே கோயில் கட்டினார் என்று திரை சொல்லிவிடும். மண் சுமந்த பெண்களும், ஒருநாள் கூலியைக் காணிக்கையாகத் தந்த தொழிலாளரும் அச்சொல்லில் இல்லை. மூன்று படங்களும் உண்மையே. ஒன்றிலும் பொய் இல்லை. பொய் இருப்பது அவை சேரும் மூட்டில்.

புனித தோமா அக்குவினார் பொய்யைப் பற்றி ஆராயும்போது, அது நாவினால் மட்டுமே செய்யப்படுவதன்று என்று தெளிவுறுத்துகிறார். மனத்திலுள்ளதற்கு மாறானதைக் குறிப்பாலோ செயலாலோ உணர்த்துவதும் பொய்யின் இனமே என்பது அவர் போதனை. அவர் காலத்தில் திரையும் இல்லை, மென்பொருளும் இல்லை. ஆயினும் சொல்லின்றிப் பேசும் வரிசைக்கு அவருடைய விளக்கம் கனகச்சிதமாகப் பொருந்துகிறது.

வரிசைக்கு அடுத்தது அசைவு. அசையாத நிழற்படத்தின்மேல் பார்வை மெல்ல நகர்வதுபோலச் செய்யும் வசதி இம்மென்பொருள்களில் உண்டு. இம்முறையைக் கலையாக உயர்த்திய படங்களுள் ஒன்று, 1957-இல் கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியம் வெளியிட்ட 'தங்க நகரம்'. 1898-இல் தங்கம் தேடி டாசன் நகருக்கு ஓடிய பெருங்கூட்டத்தின் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களை, காலின் லோ, வுல்ஃப் கேனிக் என்னும் இருவர் கேமராவின் நகர்வால் உயிர்பெறச் செய்தனர். அதிலிருந்து கற்றதை மறைக்காமல் போற்றிய அமெரிக்கர் கென் பர்ன்ஸ், தம் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றி 1990-இல் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் அம்முறையை உலகறியச் செய்தார். இன்று சில மென்பொருள்களில் அந்த விசைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இவ்வசைவுக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும்: பார்வை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பன அவை. ஊர்மக்கள் அனைவரும் நிற்கும் படத்தில் தொடங்கி ஆயரின் முகத்தில் முடிக்கலாம். ஆயரில் தொடங்கி, விரிந்து, ஊர்மக்களில் முடிக்கவும் செய்யலாம். முதல் அசைவு, இத்தனை பேரும் இவருக்காக வந்தனர் என்கிறது. இரண்டாவது அசைவோ, இவர் இத்தனை பேருக்காக வந்தார் என்கிறது. பணிவிடை பெறுவதற்கன்று, பணிவிடை புரியவே வந்த ஆண்டவரின் சீடர்களுக்கு இவ்விரண்டுள் எது உகந்தது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

சட்டத்திற்குள் அடங்காதவர்கள்

நம் பங்கின் இளையோர் சிலர் இவ்வேலையைக் கற்கத் தொடங்கியபோது நேர்ந்ததொன்றை இங்கே கூறுவது பொருத்தமாகும். பல்லாண்டுகளுக்கு முன் ஆலயமுற்றத்தில் எடுக்கப்பட்ட பெரிய குழுப்படம் ஒன்று கிடைத்தது. நடுவில் நாற்காலிகளில் ஆயரும் குருக்களும் உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்திருந்தார்கள். பின்னால் ஆண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் தரையில் சிறுவர் சிறுமியர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள். இரு ஓரங்களிலும் முக்காடிட்ட பெண்கள் நின்றார்கள். வலப்புறக் கடைசியில் கோயிற்பிள்ளை, பாதி உடல் சுவரின் நிழலில் மறைய, நின்றிருந்தார்.

அப்படம் நான்குக்கு மூன்று என்ற அளவினது. இன்றைய திரையோ பதினாறுக்கு ஒன்பது. படத்தை முழுமையாக வைத்தால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அது அழகாயில்லை என்று கருதிய மாணவர் ஒருவர் திரையை நிரப்பும் விசையை அழுத்தினார். படம் அகலத்தில் நிறைந்தது. உயரத்தில் நாலில் ஒரு பங்கு, மேலே எட்டில் ஒன்றும் கீழே எட்டில் ஒன்றுமாக, வெட்டுண்டது. அருகில் இருந்த ஒரு பெண் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஃபாதர், எங்க பாட்டி இதுல தரையில உக்காந்திருந்தாங்க, இப்பக் காணோம்" என்றார்.

அவர் பாட்டி மட்டுமா? தரையில் இருந்த சிறுவர் அனைவரும் போயிருந்தனர். கடைசி வரிசையில் நின்ற ஆண்கள் சிலருக்குத் தலையில்லை. நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கோ ஒரு குறையும் இல்லை. அதே படத்தைக் கைப்பேசிக்கென நெட்டுவாக்கில் நிரப்பிப் பார்த்தார்கள். அப்போது அகலத்தில் பாதிக்கு மேல் போயிற்று. பெண்களும் கோயிற்பிள்ளையும் மறைந்தார்கள். நாற்காலிக்காரர்கள் அப்போதும் இருந்தார்கள்.

இதில் எவருக்கும் தீயநோக்கம் இல்லை. மாணவர் எவரையும் நீக்க எண்ணவில்லை. மென்பொருளுக்கோ ஆயரும் தெரியாது, கோயிற்பிள்ளையும் தெரியாது. அது நடுவைக் காக்கிறது, ஓரத்தை வெட்டுகிறது, அவ்வளவே. ஆனால் யாரை நடுவில் இருத்துவது, யாரைத் தரையிலும் ஓரத்திலும் நிறுத்துவது என்பதை அன்றைய சமூகம் முன்னரே தீர்மானித்திருந்தது. அந்தப் பழைய தீர்ப்பை இன்றைய இயந்திரம் கேள்வி கேளாமல் நிறைவேற்றியது. மனிதர் விழிப்பாயிராத இடத்தில் இயந்திரம் நடுநிலையாயிருப்பதில்லை. முன்பே நடந்த அநீதிக்கு அது ஊழியம் செய்கிறது. தீயநோக்கம் இல்லாமலே அநீதி தொடர முடியும் என்பதற்கு இதனினும் எளிய சான்று நமக்குக் கிடைத்ததில்லை.

அதற்கு மாற்று இருந்தது. மாணவர்கள் படத்தை வெட்டாமல், அதே விசையின் துணைகொண்டு பார்வையை அசையவிட்டார்கள். தரையில் அமர்ந்த சிறுவரின் முகங்களில் தொடங்கி, மெல்ல மேலேறி, நாற்காலிகளைக் கடந்து, கடைசி வரிசைவரை செல்லுமாறு அமைத்தார்கள். அவர்கள் கண்டது இதுதான்: சட்டத்திற்குள் ஒரே நேரத்தில் அடங்காதவர்கள், நேரம் கொடுத்தால் அடங்குகிறார்கள். ஆனால் நான்கு வினாடியில் அது முடியவில்லை. பன்னிரண்டு வினாடி தேவைப்பட்டது. எனவே வேறு இரண்டு படங்களை விடவேண்டியதாயிற்று. அவை ஒரே விழா மேடையை இரு கோணங்களில் காட்டியவை. நீதிக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. இங்கே அந்த விலை எட்டு வினாடி.

நற்செய்தியாளர் விட்டதும் விடாததும்

விடுதலும் வரிசைப்படுத்துதலும் நம் விசுவாசத்திற்குப் புதியன அல்ல. நற்செய்தி நூல்களே தெரிந்தெடுத்த நூல்கள்தாம். இயேசு செய்த வேறு அடையாளங்கள் பல உண்டு என்றும், எல்லாவற்றையும் எழுதினால் உலகமே கொள்ளாது என்றும் யோவான் தம் நூலின் இறுதியில் ஒளிவின்றிக் கூறுகிறார். கோயிலைத் தூய்மைப்படுத்திய நிகழ்ச்சியை அவர் தொடக்கத்தில் வைக்கிறார். ஏனைய மூவரும் பாடுகளுக்குச் சற்றுமுன் வைக்கின்றனர். வரிசை வேறுபட்டாலும் உண்மை குன்றவில்லை. ஏனெனில் அவர்கள் தம் நூல் எதற்காக என்பதை மறைக்கவில்லை. தாம் விட்டதை இல்லாததாகவும் ஆக்கவில்லை.

இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்னும் அறிஞர் நான்கு நற்செய்திகளையும் வெட்டி ஒட்டி ஒரே நூலாகத் தொகுத்தார். படிக்க எளிது, முரண் இல்லை, ஓட்டம் தடைபடாது. சிரிய நாட்டுத் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வழங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் சீருஸ் நகர ஆயர் தியோதொரேத்து தம் மறைமாவட்டத்துக் கோயில்களில் அத்தகைய பிரதிகள் இருநூற்றுக்கு மேல் இருக்கக் கண்டு, அவற்றை அகற்றி, நான்கு நற்செய்திகளையே மீண்டும் வைத்தார். அத்தொகுப்பில் ஆண்டவரின் தலைமுறை அட்டவணை விடுபட்டிருந்தது என்பது அவர் எடுத்துக்காட்டிய குறைகளுள் ஒன்று.

அந்த அட்டவணையில் இருப்பவர் யார்? மத்தேயு தரும் பட்டியலில் தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார், மோவாபியப் பெண்ணாகிய ரூத்து இருக்கிறார், உரியாவின் மனைவி இருக்கிறார். புறவினத்தாரும், ஊரார் பழிக்கு ஆளானோரும், அரசனின் பாவத்தால் காயப்பட்டோரும் மீட்பரின் குடும்பப் படத்தில் நிற்கிறார்கள். கதையின் ஓட்டத்திற்கு அப்பெயர்கள் தேவையில்லை என்று ஒரு தொகுப்பாளர் கருதலாம். தூய ஆவியாரின் ஏவுதல் வேறுவிதமாகக் கருதியது.

பேதுரு மறுதலித்த நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்ப்போம். நற்செய்திகள் எழுதி முடிக்கப்பட்ட நாளில் பேதுருவின் பெயர் திருச்சபையெங்கும் மதிக்கப்பட்டிருந்தது. அவர் இரத்தம் சிந்திச் சான்று பகர்ந்தவர். தீக்காயும் இடத்தில் ஒரு பணிப்பெண்ணுக்கு அஞ்சிய அந்த இரவை விட்டுவிட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்? ஆயினும் நால்வரும் எழுதினார்கள். நான்கு நூல்களிலும் இடம்பெறும் நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. அவற்றுள் தலைமைத் திருத்தூதரின் வீழ்ச்சியும் ஒன்று. வீழ்ச்சி இல்லையேல், மன்னிப்பு என்ன என்பதும் தெரிந்திராது.

நம் பங்கு வரலாறுகள்

இந்த அளவுகோலை நம் விழாக் காணொளிகளுக்கு நீட்டிப் பார்க்கத் தயங்கலாகாது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதியார் தனித்தனியே அமர்வதற்கென இரு கூடங்களாகப் பிரிந்து, ஒரே பீடத்தை நோக்கியதாய் அமைந்தது. 1910-இல் அப்பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று, பிரிவினை கோரியவர்களுக்கு எதிராக முடிந்தது. அக்கோயிலின் வரலாறு ஏடுகளில் பதிந்துவிட்டது. பதியாமற்போன சுவர்கள் எத்தனை? தனி இருக்கை, தனிக் கல்லறை, தேர் வராத தெரு என எத்தனை ஊர்களின் நினைவில் அவை இன்னும் நிற்கின்றன? நம் பொன்விழா முன்னோட்டங்களில் கோபுரம் உண்டு, கொடியேற்றம் உண்டு, வாணவேடிக்கை உண்டு. அந்தத் தெருவின் முகம் உண்டா?

விழா நாளில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பர். மணவீட்டில் ஒப்பாரி கூடாது என்பது நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தில் நியாயமும் உண்டு. இரண்டு நிமிடக் காணொளி வரலாற்று நீதிமன்றம் அன்று. ஆயினும் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, யூபிலி ஆண்டின் நடுவில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தூய பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். யூபிலிக்கு அது களங்கமாகவில்லை. யூபிலி என்பதன் பொருளே அன்றுதான் விளங்கிற்று. நாம் சுவரைத் திரையில் காட்டவேண்டும் என்று கூறவில்லை. சுவருக்கு அப்பால் நின்றவர்களைக் காட்டவேண்டும் என்றே கூறுகிறோம். குற்றம் சாட்டுவது வேறு, முகத்தைத் திருப்பித் தருவது வேறு.

மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். காட்டாமல் விடுவது அன்பாகும் தருணங்களும் உண்டு. நோயால் உருமாறிய ஒருவரின் இறுதிநாட் படம், பிரிந்துபோன தம்பதியரின் திருமணப் படம், ஒரு குடும்பத்தின் அவமானத்தை நினைவூட்டும் படம் ஆகியவற்றைக் கூடையிலேயே வைத்துவிடுவது பொய்யன்று, பரிவு. உண்மையை விவேகத்தோடு மறைப்பதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைத் தோமா அக்குவினாரும் ஒப்புக்கொள்கிறார்.

அப்படியானால் விடுதலுள் எது பரிவு, எது வஞ்சனை? வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில் உள்ள அளவுகோலுக்கு இப்போது வருவோம். செய்தி உண்மையாக இருக்கவேண்டும். நீதியும் அன்பும் இடம்தரும் அளவிற்கு முழுமையாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் போதனை. முழுமைக்கு எல்லை வகுக்கும் உரிமையை அது நேரத்திற்கோ அழகிற்கோ வழங்கவில்லை; நீதிக்கும் அன்பிற்கும் வழங்கியது. இதிலிருந்து எளிய சோதனை ஒன்றை நாம் பெறலாம். ஒரு படத்தை விடும்போது அதனால் காக்கப்படுபவர் யார்? எளியவர் என்றால் அது பெரும்பாலும் அன்பு. வலியவர் என்றால் நம் கையைச் சற்று நிறுத்தி, மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. திரையில் இடம்பெறாத ஒருவர் கூட்டத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து பார்க்கிறார் என்று கொள்வோம். இது என் ஊரின் கதைதான் என்று அவரால் சொல்ல முடியுமா? முடியுமாயின், அவர் முகம் இல்லாவிடினும் தொகுப்பு உண்மையானது.

கூடையில் கிடப்பவை

மென்பொருளின் இயல்பொன்று நமக்கு ஆறுதலும் எச்சரிக்கையும் தருகிறது. காலக்கோட்டில் நாம் எத்தனை முறை வெட்டினாலும் மூலப்படத்திற்கு ஒன்றும் நேர்வதில்லை. எந்தப் படம், எங்கிருந்து, எத்தனை வினாடி என்னும் கட்டளைகளை மட்டுமே அது குறித்துக்கொள்கிறது. வெட்டுண்ட பாட்டி மூலத்தில் அப்படியே அமர்ந்திருக்கிறார். ஆனால் மூலப்படங்கள் இருக்கும் கோப்புறையை யாரேனும் அழித்துவிட்டால், அடுத்தமுறை திறக்கும்போது படம் இருந்த இடத்தில் வெற்றிடமே நிற்கும்.

சோவியத் ஆட்சியில் ஸ்டாலினுக்கு அருகில் கால்வாய்க் கரையில் நின்ற யெஷோவ் என்னும் அதிகாரி, 1940-இல் கொல்லப்பட்டபின், படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். அவர் தாமும் பலரை அழித்தவரே. ஆயினும் மூலப்படம் எங்கோ தப்பியதனால்தான் அந்தப் பொய் இன்று பொய்யென்று தெரிகிறது. அன்று கைதேர்ந்த கலைஞர் பல மணிநேரம் செய்த அவ்வேலையை இன்றைய கணினி ஒரு நொடியில் செய்யும். ஆகவே மூலத்தைக் காப்பது நம் தலைமுறைக்குப் பெருங்கடமையாகிறது.

முன்னோட்டம் செய்யும் இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் இது: தெரிந்தெடுத்த 26 படங்களுக்காக உழைத்ததுபோல், விட்டுவிட்ட 274 படங்களுக்காகவும் சிறிது உழையுங்கள். முழுப்படங்களை வெட்டாமல் தனியே சேமித்து, ஒரு பிரதியைப் பங்கு இல்லத்தில் ஒப்படையுங்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் படத்தைக் காட்டி, தரையில் இருப்பவர் யார், ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்டுப் பெயரெழுதி வையுங்கள். நாற்காலியில் இருப்போரின் பெயர் எப்படியும் எங்காவது எழுதப்பட்டிருக்கும். கோயிற்பிள்ளையின் பெயரை நீங்கள் எழுதாவிடில் எவரும் எழுதமாட்டார்.

நம் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதைப் பேணிக் காக்கும் கடமையைத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைமேல் சுமத்துகிறது. அதில் செல்வரின் பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் கூலியாளின் பிள்ளைக்குச் சிறிய எழுத்தும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர். அதற்கு நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. பங்கின் வெட்டப்படாத குழுப்படம் அதுவே. விழாக் காணொளி அப்பதிவேட்டிற்கு முன்னோட்டமாக அமையுமானால் அதற்கு வேறு சிறப்பு வேண்டா.

திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும்போது, இறைவன் மட்டுமே அறிந்த நம்பிக்கையாளருக்காகவும் நாம் மன்றாடுகிறோம். எவர் படத்திலும் இல்லாதவர்கள், எவர் நினைவிலும் இல்லாதவர்கள் அம்மன்றாட்டில் இடம்பெறுகிறார்கள். நம் திரை அவ்வளவு அகலமானதன்று. நம் நிமிடங்களும் குறைவு. ஆதலால் வேலை முடிந்து, காணொளியை வெளியிடும் விசையைத் தொடுமுன், ஒவ்வொரு மூலப்படத்தையும் ஒருமுறை ஓரம்வரை பார்த்துவிடுவோம். அங்கே நிற்பவர் நமக்கு அடுத்திருப்பவர்.